அந்த அராபியனுக்கு என்ன பெயர்?

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் அல்ஜீரிய எழுத்தாளர்கள் குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, அரபியும் தெரியாது. ஒரு காலனிய மொழியில் எழுதப்பட்டதை இன்னொரு காலனிய மொழி வழியாகப் படித்தவன். வங்கியில் கணக்கு முடித்துவிட்டு வந்து ராத்திரியில் படித்தது. அதனால் இது ஆய்வாளன் பேச்சு கிடையாது, வாசகன் பேச்சு.

அல்ஜீரியா என்றால் இங்கே நமக்கு இரண்டு பெயர்தான் வரும். ஒன்று ஃபனான். இன்னொன்று ஆல்பெர் காம்யு. வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்து க்ரியா வெளியிட்ட ‘அந்நியன்’ படிக்காத சிறுபத்திரிகை வாசகர் குறைவு. ஃபனான் மார்த்தினிக் தீவிலிருந்து வந்து பிளிதா மனநல மருத்துவமனையில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு விடுதலைப் போரில் சேர்ந்தவர். காம்யு அங்கேயே பிறந்த பிரெஞ்சுக்காரர். இரண்டு பேருமே முக்கியமானவர்கள். ஆனால் இவர்கள் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டதால், அந்த மண்ணின் மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது நம் கண்ணில் படவில்லை.

‘அந்நியன்’ 1942-ல் வந்தது. கடற்கரையில் வெயிலில் மெர்சோ ஓர் அராபியனைச் சுடுகிறான். ஒரு குண்டு, பிறகு நான்கு குண்டுகள். வழக்கு நடக்கிறது. அம்மா சாவுக்கு அவன் ஏன் அழவில்லை என்று நீதிமன்றம் கேட்கிறது. செத்தவன் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நாவல் முழுக்க அவன் ‘அராபியன்’ தான். இருத்தலியம், அபத்தம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய நம் விமர்சகர்களும் அதைக் கேட்கவில்லை. கமெல் தாவூத் என்ற ஓரான் நகரத்துப் பத்திரிகையாளர் 2013-ல் அதைக் கேட்டு ஒரு நாவலே எழுதினார். செத்தவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பி ஹாரூன் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து கதை சொல்வதாக எழுதினார். உலகம் முழுக்கப் பேசினார்கள், 2015-ல் பிரான்சில் முதல் நாவலுக்கான கொன்கூர் பரிசும் கிடைத்தது. நல்ல நாவல்தான். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். காம்யுவுக்குப் பதில் சொன்னால்தான் கதவு திறக்குமா? அதற்கு எழுபது வருஷம் முன்னாடியே அந்தப் பெயரில்லாதவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெயர் என்று சொன்னேன். இது வெறும் உருவகம் கிடையாது. 1830-ல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்தது, 132 ஆண்டுகள் ஆண்டது. நிலத்தைப் பறித்தார்கள், பள்ளியை மறுத்தார்கள். அது எந்தக் காலனியிலும் நடந்ததுதான். இங்கே 1882 மார்ச்சில் இன்னொரு சட்டமும் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்றார்கள். அந்த மக்கள் இன்னார் மகன், இன்னார் பேரன், இன்ன கூட்டம் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பேரேட்டில் அடங்கவில்லை. அதிகாரிகள் ஊர் ஊராகப் பெயர் போட்டார்கள். கபிலியா மலைப்பகுதியில் சில ஊர்களுக்கு அகரவரிசைப்படி ஓர் எழுத்து ஒதுக்கி, அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அந்த எழுத்தில் தொடங்குகிற பெயராக வைத்தார்கள். கேவலமான அர்த்தம் வரும் பெயர்களைச் சுமந்த குடும்பங்களும் உண்டு. பெயரே கிடைக்காதவர்களுக்குக் ‘குடும்பப் பெயர் இல்லை’ என்பதன் மூன்று எழுத்துச் சுருக்கமே ஆவணத்தில் பெயராக நின்றது.

முலூத் ஃபெரவூன் 1913-ல் கபிலியாவில் திஸி ஹிபெல் என்ற ஊரில் பிறந்தார். காம்யு பிறந்ததும் அதே வருஷம்தான். ஃபெரவூன் என்பது அப்படி அதிகாரி போட்ட பெயர், குடும்பத்தின் சொந்தப் பெயர் அயித் ஷாபான். அப்பா ஏழை விவசாயி, பிரான்சுக்குக் கூலிக்குப் போய்வந்தவர். பையன் உதவித்தொகையில் படித்து ஆசிரியரானான். 1939-ல் எழுதத் தொடங்கி 1950-ல் சொந்தக் காசு போட்டு அச்சிட்ட நாவல் ‘ஏழையின் மகன்’. அதில் வருகிற பையன் பெயர் ஃபூரூலூ மென்ராத். முலூத் ஃபெரவூன் என்ற எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வருகிற பெயர். அதாவது ‘அந்நியன்’ அச்சாவதற்கு முன்னாலேயே, பெயருள்ள ஒரு பையன் ஒரு கிராமத்து வாத்தியாரின் நோட்டுப் புத்தகத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தான்.

1951-ல் ஃபெரவூன் காம்யுவுக்குக் கடிதம் எழுதினார். ‘கொள்ளைநோய்’ நாவல் ஓரானில் நடக்கிறது, அதில் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இல்லையே என்கிற வருத்தத்தை அதில் தெரிவித்தார். எவ்வளவு பணிவாகக் கேட்டிருக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அவர் கோழை இல்லை. போர்க் காலத்தில், 1955 முதல் 1962 வரை, நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ராணுவத்தின் சித்திரவதையையும் பாலியல் வன்முறையையும் எழுதினார். விடுதலை முன்னணியின் அத்துமீறல்களையும் எழுதினார். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத எழுத்து. 1962 மார்ச் 15-ந் தேதி, போர்நிறுத்தத்துக்கு நான்கு நாள் முன்னால், அல்ஜியர்சில் எல் பியார் பகுதியில் கல்வி அதிகாரிகள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓ.ஏ.எஸ். என்கிற பிரெஞ்சு வெறியர் படை ஆயுதங்களோடு நுழைந்தது. ஒரு பட்டியலை வைத்துப் பெயர் பெயராக வாசித்து அழைத்தார்கள். வெளியே நிறுத்திச் சுட்டார்கள். ஆறு பேர். மூன்று பேர் அல்ஜீரியர்கள், மூன்று பேர் பிரெஞ்சுக்காரர்கள். அதிகாரி பேரேட்டில் போட்ட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஃபெரவூனையும் அழைத்திருப்பார்கள்.

அதே திஸி ஹிபெல் ஊரில் இவருக்கு முப்பது வருஷம் முன்னால் இன்னொருவர் பிறந்தார். இன்றைக்கு நான் சொல்வதில் எதை மறந்தாலும் இவரை மறக்காதீங்க. ஃபத்மா அயித் மன்சூர் அம்ரூஷ். பிறந்தது 1882 வாக்கில். அம்மா ஐனி சின்ன வயதில் விதவையானவள், இரண்டு பையன்கள். அண்ணன் வந்து பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்றான். மாட்டேன் என்றாள். உறவு அறுந்தது. தனியாக வாழ்ந்தவள் கணவன் வழிக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருத்தனால் கர்ப்பமானாள். அவன் ஏற்கவில்லை. ராத்திரியில், யார் துணையும் இல்லாமல், தானே பிள்ளை பெற்று, தொப்புள்கொடியைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தப் பிள்ளைதான் ஃபத்மா. ஐனி சும்மா இருக்கவில்லை, அவன்மீது வழக்குப் போட்டாள். தந்தை யாரென்று தேட அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் நஷ்டஈடு தருகிறோம் என்றார்கள், வாங்க மறுத்துவிட்டாள்.

அப்பன் பெயர் இல்லாத பிள்ளையை ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அடித்தார்கள். சப்பாத்திக்கள்ளி வேலியில் தள்ளிவிட்டார்கள். உயிரோடு இருக்கட்டும் என்று ஐனி பிள்ளையைக் கிறித்தவக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டாள். அங்கேயும் சவுக்கடி. பிறகு வேறொரு விடுதிப் பள்ளி. அங்கேதான் எழுத்து கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் மார்கெரித். பிறகு ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை, 1899-ல் பெல்காசெம் அம்ரூஷோடு திருமணம், ஞானஸ்நானம். கிறித்தவர் ஆனதால் முஸ்லிம்களுக்கு அந்நியர், கபிலியர் என்பதால் பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்நியர். பிழைக்க துனிசுக்குப் போனார்கள். அங்கே பெரும்பான்மைக்கும் அந்நியர். பிள்ளைகளில் பலர் கண் முன்னாலேயே செத்தார்கள்.

1946-ல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன் வாழ்க்கையை எழுதி முடித்தார். அச்சாக 22 வருஷம் ஆனது. 1967-ல் அவர் இறந்து, 1968-ல்தான் ‘என் வாழ்க்கைக் கதை’ புத்தகமாக வந்தது. படித்தால் ஒப்பாரி இருக்காது. அலங்காரம் இருக்காது. என்ன சாப்பிட்டோம், எவ்வளவு கூலி, எந்தக் குளிரில் எந்தப் போர்வை என்று கணக்கு மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். எங்கள் வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்ப முடியாமல் கவுண்டரில் பேனாவை வைத்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஃபத்மாவின் புத்தகம் முழுக்க அந்தக் கட்டத்துக்கு எழுதிய பதில் என்றுதான் எனக்குப் படுகிறது.

இலக்கிய வரலாறு இவரை எப்படிச் சொல்கிறது தெரியுமா? கவிஞர் ஜான் அம்ரூஷின் தாய், பாடகியும் நாவலாசிரியையுமான தாவோஸ் அம்ரூஷின் தாய் என்று. உண்மைதான். ஜான் 1939-ல் வெளியிட்ட கபிலியப் பாடல்கள் அம்மா வாயிலிருந்து வந்தவை. தாவோஸ் மேடைகளில் பாடியதும் அவைதான். ஆனால் அம்மாவே எழுத்தாளர் என்பதைக் கடைசியில்தான் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர்களில் ஒருவர் கதேப் யாசின்.

கதேப் யாசினுக்கு வருவோம். அல்ஜீரிய இலக்கியத்தில் பெரிய ஆள் யார் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். 1929-ல் பிறந்தவர். 1945 மே 8, ஹிட்லர் ஜெர்மனி சரணடைந்த நாள். பிரான்ஸ் விடுதலையைக் கொண்டாடுகிறது. செத்திஃப் நகரத்தில் அல்ஜீரியர்கள் எங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். சுட்டார்கள். செத்திஃபிலும் குவெல்மாவிலும் கெர்ராத்தாவிலும் வாரக்கணக்கில் கொன்றார்கள். 45,000 பேர் என்று அல்ஜீரியா சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிடக் குறைவு, ஆனால் ஆயிரக்கணக்கில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் யாசின் அந்த ஊர்வலத்தில் இருந்தான், கைதானான், பள்ளியிலிருந்து விலக்கப்பட்டான். மகனைச் சுட்டுவிட்டார்கள் என்று நினைத்து அம்மாவுக்குப் புத்தி பேதலித்தது.

1956-ல் ‘நெஜ்மா’ நாவல் வந்தது. நெஜ்மா என்றால் நட்சத்திரம். ஒரு பெண், அவளைச் சுற்றி நான்கு இளைஞர்கள், சிறை, கூலி வேலை, சிதறிப்போன ஒரு குலத்தின் கதை. காலம் முன்னும் பின்னுமாகச் சுழலும். எளிதில் பிடிபடாது, இரண்டு தடவை படிக்கவேண்டும். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த பதிப்பக ஆசாமி, ரொம்பச் சிக்கலாக இருக்கே, உங்க ஊரில் அழகான செம்மறி ஆடுகள் இருக்கே, அதைப் பற்றி எழுதக்கூடாதா என்கிற மாதிரி கேட்டாராம். இதைக் கதேப்பே பின்னால் சொல்லியிருக்கிறார். ஒடுக்கப்பட்டவன் எழுதினால் எளிமையாக, சோகமாக, ஆடு மாடோடு எழுதணும். சிக்கலாக எழுத உரிமை கிடையாது. இந்த எதிர்பார்ப்பு பாரிசில் மட்டும் இருந்ததில்லை.

இங்கே மொழிப் பிரச்சினை வருகிறது. மாணவத் தோழர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: ஆதிக்கக்காரன் மொழியில் எழுதலாமா? அல்ஜீரியர்கள் இதற்கு ரத்தமும் சதையுமாகப் பதில் தேடினார்கள். மாலெக் ஹத்தாத் என்ற கவிஞர் பிரெஞ்சு மொழியே தனக்கு நாடுகடத்தல் என்றார். 1962 ஜூலையில் விடுதலை வந்தபின் இலக்கியம் எழுதுவதையே விட்டுவிட்டார். அரபி வாசகருக்கு அவரால் எழுத முடியவில்லை, பிரெஞ்சில் எழுத மனசு வரவில்லை. அந்த மௌனத்தை மதிக்கிறேன், ஏற்க முடியவில்லை. பிறகு அஹ்லாம் மொஸ்தகானெமி என்ற பெண் எழுத்தாளர் 1993-ல் அரபியில் ‘உடலின் நினைவு’ நாவல் எழுதி, அதை மாலெக் ஹத்தாதுக்குத்தான் சமர்ப்பித்தார். அரபி உலகத்தில் பெரிய அளவில் வாசிக்கப்பட்ட நாவல் அது.

கதேப் வேறு பக்கம் போனார். பிரெஞ்சு எங்களுக்குப் போரில் கிடைத்த கொள்ளைப்பொருள், அதை ஏன் திருப்பிக் கொடுக்கணும் என்பது அவர் நிலை. ஆனால் அதோடு நிற்கவில்லை. அவர் அம்மா பாட்டும் கதையும் நாடகமும் கற்றவர். பையன் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போய்த் தன்னிடமிருந்து விலகுவதைப் பார்த்து, மகனிடமே வந்து எனக்கும் அந்த மொழியைக் கற்றுக்கொடு என்று கேட்டாராம். 1966-ல் வந்த நூலின் கடைசியில் இதை எழுதியிருக்கிறார். யாருக்குப் புரியவேண்டும் என்று எழுதுகிறோமோ அவர்களுக்கு வாசிக்கவே தெரியாது என்ற நிலையில் நாவல் எழுதி என்ன பயன்? 1970-களின் தொடக்கத்தில் நாடு திரும்பி, நாடகக் குழு சேர்த்து, மக்கள் பேசுகிற கொச்சை அரபியில் நாடகம் போட்டார். முதல் நாடகம் ‘முகமது, பெட்டியை எடு’. பிரான்சுக்குக் கூலியாகப் போகிறவர்கள் கதை. பிரான்சில் அல்ஜீரியத் தொழிலாளர்கள் இருக்கிற இடங்களுக்கே போய் நடித்தார்கள். ஐரோப்பாவே கொண்டாடிய நாவலாசிரியர், கூலிக்காரன் பேசுகிற பேச்சில் வசனம் எழுத உட்கார்ந்தார். இதைச் செய்ய எத்தனை எழுத்தாளருக்கு மனசு வரும்?

புதிய அரசுக்கு இது பிடிக்கவில்லை. அரசு கொண்டுவந்தது செவ்வியல் அரபி. ஏடுகளின் அரபி. சந்தையில் பேசுகிற அரபி கொச்சை, பெர்பெர் மக்களின் தமஸிக்த் பேச்சுக்குப் பள்ளியிலும் இடமில்லை, பத்திரிகையிலும் இடமில்லை. காலனிய ஆட்சி போய்விட்டது, ஆனால் வீட்டில் பேசுகிற மொழியைப் பள்ளி வாசலில் கழற்றி வைக்கிற நிலைமை போகவில்லை. முலூத் மம்மெரி நாவலாசிரியர், மொழியறிஞர். 1980 மார்ச் 10-ந் தேதி திஸி ஊஸூ பல்கலைக்கழகத்தில் பழைய கபிலியக் கவிதை பற்றி உரை நிகழ்த்த வந்தார். உரையைத் தடை செய்தார்கள். கவிதையைப் பற்றிய உரை, கவனியுங்கள்! மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 20 விடியற்காலையில் போலீஸ் விடுதிகளில் புகுந்தது. அதைத்தான் ‘பெர்பெர் வசந்தம்’ என்கிறார்கள். 2002-ல் தமஸிக்த் தேசிய மொழியானது, 2016-ல் ஆட்சிமொழியானது. ஒரு ரத்துசெய்யப்பட்ட கூட்டத்திலிருந்து 36 வருஷம்.

அரபியில் எழுதியவர்கள் எல்லாம் அரசு ஆட்கள் என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. அப்தெல்ஹமீத் பென்ஹெதூகா 1971-ல் எழுதிய ‘தெற்குக் காற்று’ கிராமத்துப் பெண்ணை நிலச்சுவான்தார் அப்பன் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள யாருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான் என்பதைப் பேசுகிறது. தாஹர் வத்தாரின் ‘லாஸ்’ 1974-ல், விடுதலை முன்னணி தன் சொந்த கம்யூனிஸ்டுகளைக் கொன்றதைப் பேசியது. முகமது திப் பற்றியும் விரிவாகப் பேசணும், நேரமில்லை. நெசவும் கணக்கு வேலையும் வாத்தியார் வேலையும் பார்த்தவர் (கணக்கு எழுதினவர் என்பதால் எனக்குத் தனிப் பாசம்). அவருடைய ‘பெரிய வீடு’ நாவலில் ஒமர் என்ற சிறுவன் ரொட்டித் துண்டுக்கு அலைவதைப் படியுங்கள்.

ஆஸியா ஜெபார் பெயரைச் சொன்னால், அவர் பிரெஞ்சு அகாதெமியில் 2005-ல் உறுப்பினராகி உட்கார்ந்தவர்தானே என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். ஆமாம். ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள். 1957-ல் தொடங்கி நான்கு நாவல் எழுதிவிட்டு, பத்து வருஷத்துக்கும் மேல் நாவல் வெளியிடாமல் இருந்தார். அம்மாவின் ஊர்ப் பக்கம், ஷெனுவா மலைக்குப் போய், போரில் பங்கெடுத்த கிராமத்துப் பெண்களை உட்கார்ந்து கேட்டார். சோறு போட்டவர்கள், குண்டு கடத்தியவர்கள், வீடு எரிந்தவர்கள். அதிலிருந்து ஒரு படம் எடுத்தார், 1979-ல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. பிறகு 1985-ல் ‘காதல், ஃபாந்தாசியா’. அதில் ஒரு பக்கம் 1845-ல் தாஹ்ரா குகையில் ஒளிந்த ஒரு குலத்தையே பிரெஞ்சுக் கர்னல் புகைபோட்டுக் கொன்றதை, அந்தப் பிரெஞ்சு அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளிலிருந்தே எடுத்துத் தருகிறார். இன்னொரு பக்கம் அந்தக் கிராமத்துப் பெண்களின் குரல். அவர்களுக்குப் பதிலாக நான் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ள அவர் மறுத்தார், அவர்கள் அருகில் உட்கார்ந்து பேசுவதே தன்னால் ஆனது என்றார். பிறருக்காகப் பேசப் புறப்படுகிற நம்ம அறிவுஜீவிகளுக்கு இதை நான் சிபாரிசு செய்கிறேன். விடுதலைக்குத் துப்பாக்கி சுமந்த அந்தப் பெண்களை 1984-ன் குடும்பச் சட்டம் ஆண் காவலாளிக்குக் கீழ்ப்பட்டவர்களாக ஆக்கியது என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

தொண்ணூறுகளில் மறுபடி கொலைகள். இஸ்லாமியவாத ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவே நாடு நசுங்கியது. தாஹர் ஜாவூத், கவிஞர், நாவலாசிரியர், பத்திரிகை ஆசிரியர், 1993 மே 26-ல் வீட்டு வாசலில் சுடப்பட்டு ஜூன் 2-ல் இறந்தார். வயது 39. அவர் விட்டுப்போன பிரதி ஒரு புத்தகக் கடைக்காரனின் கதை, 1999-ல் வெளிவந்தது. 1993 கடைசியில் கவிஞர் யூசெஃப் செப்தி கொல்லப்பட்டார்.

அப்தெல்காதர் அல்லூலாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஓரான் நாடகக்காரர். 1972-ல் நிலச் சீர்திருத்தம் பற்றிய நாடகத்தை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனார்கள். நகரத்து மேடைப் பாணியில் அரங்கப் பொருள்களை அடுக்கி வைத்தார்கள். விவசாயிகள் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள், கதைசொல்லி வந்தால் சந்தையில் உட்கார்வார்களே அது மாதிரி. பொருள்கள் மறைத்தன. ஒவ்வொன்றாக எடுக்கவேண்டியதாயிற்று. சிலர் நடிகர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், அப்போதுதான் வசனம் நன்றாகக் கேட்கிறதாம். நாடகம் முடிந்ததும் வசனங்களை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அல்லூலா தன் நாடக வடிவத்தையே மாற்றிக்கொண்டார். 1985-ல் ‘கொடையாளிகள்’. அதில் அக்லி என்று ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரன். அறிவியல் பாடம் நடத்த எலும்புக்கூடு இல்லையென்று, செத்த பிறகு என் எலும்புக்கூட்டைப் பள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைத்துப் போகிறான். பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் பெயர் அவர்களுக்குத் தெரியும். 1994 மார்ச் 10, ரம்ஜான் மாதம், உரை நிகழ்த்தப் போகும் வழியில் அல்லூலாவைச் சுட்டார்கள். நான்கு நாள் கழித்துப் பாரிசில் உயிர் போனது.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிற தோழர்களில் பிரெஞ்சு படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஃபத்மாவின் புத்தகம் சின்னதுதான், சுமார் இருநூறு பக்கம். அது நேரடியாகத் தமிழுக்கு வரணும். ஆங்கிலப் பிரதி என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கத் தருகிறேன். தட்டச்சுச் செய்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.